கூகுளுக்குத் தெரிய வேண்டியது பூசை நேரம்

பங்குப் பேரவைக் கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுச் செலவு பேசப்படுகிறது. ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது, மைக் செட் மாற்றுவது, கெபிக்குக் கூரை போடுவது என்ற வரிசையில் இப்போது வெப்சைட்டும் சேர்ந்திருக்கிறது. "பழைய சைட் கூகுள்ல வரவே மாட்டேங்குது. புது டெக்னாலஜிக்கு மாத்திட்டா முதல்ல வந்துரும்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் தன் மைத்துனர் வேலை பார்க்கும் கம்பெனியைச் சொல்வார். கொட்டேஷன் வாங்குவதென்று தீர்மானமாகும். திண்டுக்கல் நகரத்துப் பெரிய ஆலயம் தொடங்கி வேடசந்தூர்ப் பக்கத்துச் சின்னச் சபை வரை இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடே இதில் இல்லை. நல்ல தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கினால் கூகுள் நம் ஆலயத்தை எடுத்து மேலே வைக்கும் என்று எல்லோருமே நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறானது. இதை மென்மையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் கொட்டேஷனுக்குப் போகும் பணம் தோல் பதனிடும் ஷாப்பில் நின்று வேலை செய்பவரும், நிலக்கோட்டையில் மல்லிகை பறிப்பவரும், நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கும் பெண்ணும் காணிக்கைத் தட்டில் போட்ட பணம்.

முதலில், ஆலயத்தை இணையத்தில் யார் தேடுகிறார்கள்? பங்கு மக்கள் தேடுவதில்லை. அவர்களுக்குப் பூசை நேரம் மனப்பாடம். மாறினால் அன்பியத்தில் சொல்லிவிடுவார்கள். வெளியாள்தான் தேடுகிறார். சனிக்கிழமை இரவு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஞாயிறு காலை கொடைக்கானல் வண்டி ஏறுமுன் ஒரு பூசை பார்க்க முடியுமா என்று நினைக்கும் குடும்பம் தேடுகிறது. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி சின்னாளபட்டிப் பக்கம் ஆராதனை எங்கே என்று தேடுகிறாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இளைஞன் கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டுமென்று சொந்தப் பங்கின் தொலைபேசி எண்ணைத் தேடுகிறான். மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு, நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்று நள்ளிரவில் ஒரு மகள் தேடுகிறாள். இவர்கள் யாருக்கும் ஆலய முகப்பு மெல்ல நகர்ந்து வரும் காட்சி தேவையில்லை. நேரம், இடம், எண், என்ன கொண்டுவர வேண்டும் என்ற விவரம் ஆகியவை போதும். விற்க வருகிறவர்கள் காட்டும் மாதிரிகளில் பெரும்பாலும் இவைதான் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கின்றன.

தேடுபொறி என்ன செய்கிறது என்பதை ஒருமுறை தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதி வியாபாரப் பேச்சு உதிர்ந்துவிடும். கூகுளின் நிரல் ஒவ்வொரு பக்கமாகப் போய் அதிலுள்ள எழுத்தை எடுத்துக்கொள்கிறது, அதைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது, ஒருவர் கேள்வி கேட்கும்போது அதற்குப் பொருந்தும் பக்கங்களை வரிசைப்படுத்துகிறது. பக்கம் வேர்ட்பிரஸில் செய்யப்பட்டதா, விக்ஸில் செய்யப்பட்டதா, ஒரு கல்லூரி மாணவன் கையால் எழுதிய எச்.டி.எம்.எல்லா என்பதற்காக அது மதிப்பெண் போடுவதில்லை. விளம்பரம் என்று குறிக்கப்பட்ட இடத்தைத் தவிர மற்ற இடங்களைக் கூகுள் பணத்துக்குத் தருவதில்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, 'முதல் பக்கம் உறுதி' என்று கொட்டேஷனில் அச்சடித்துக் கொடுப்பவரிடம் ஒரு பேரவை எதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறது? பக்கத்தின் மறைவில் நூறு 'கீவேர்ட்' திணிப்பதையும் சேவை என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். அந்தக் கீவேர்ட் குறியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

'பக்கத்தில் உள்ள சர்ச்' என்று தேடினால் வருவது பெரும்பாலும் வரைபடம். அந்த வரிசையைத் தீர்மானிப்பவை மூன்று என்று கூகுள் சொல்கிறது: கேட்டதற்கு எவ்வளவு பொருத்தம், கேட்டவருக்கு எவ்வளவு தூரம், அந்த இடம் எவ்வளவு பரவலாக அறியப்பட்டது. திண்டுக்கல் பேகம்பூரில் நிற்பவருக்கும் உங்கள் ஆலயத்துக்கும் உள்ள தூரத்தை எந்த மென்பொருளும் குறைக்காது. ஆனால் வரைபடத்தில் ஆலயத்தின் புள்ளி சரியான தெருவில் இருக்கிறதா, நேரம் சரியா, அங்கே கொடுத்திருக்கும் எண்ணில் யாராவது எடுக்கிறார்களா, ஒரே ஆலயம் இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறதா என்பவை நம் கையில் இருக்கின்றன. இதற்கான கூகுள் பிசினஸ் ப்ரொபைல் இலவசம். தபாலிலோ தொலைபேசியிலோ வீடியோவிலோ 'இந்த இடம் எங்களுடையது' என்று ஒருமுறை உறுதிப்படுத்திவிட்டால் போதும். லட்சத்தை நெருங்கும் செலவில் வெப்சைட் வைத்திருந்தும், வரைபடத்தில் எவரோ வழிப்போக்கர் போட்ட நேரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கும் ஆலயங்கள் உண்டு. தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தவறான நேரம்தான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பேரவைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. நம் ஆலயங்களின் தமிழ் இணையத்தில் எழுத்தாக இல்லை, படமாகத்தான் இருக்கிறது. திருவிழா அழைப்பிதழ் அச்சகத்தில் தயாராகிறது. பேஜ்மேக்கர் காலத்து எழுத்துருவில் அடித்து, நாலு வண்ணத்தில் அழகுபடுத்தி, ஜேபெக் படமாகத் தருகிறார்கள். அதே படம் வாட்ஸ்அப்பில் போகிறது, ஃபேஸ்புக்கில் போகிறது, வெப்சைட்டிலும் ஏறுகிறது. கொடியேற்றம் எந்தத் தேதி, தேர்பவனி எத்தனை மணி, யார் தலைமையில் பாடற்பூசை என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கின்றன. படத்தில் உள்ள எழுத்தை இயந்திரங்கள் ஓரளவு படிக்கப் பழகிவிட்டன என்பது உண்மை. ஆனால் பூ வேலைப்பாட்டின் மேல் வளைத்துப் போட்ட தமிழை அது சரியாகப் படித்துப் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் என்று நம்பி இருப்பது வீண். பார்வையற்ற ஒருவரின் கைப்பேசி அந்த அழைப்பிதழை 'படம்' என்று மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். இன்னும் சில இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே வெப்சைட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். கூகுளுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் போய்ச் சேரும். ஆயிரம் பக்கம் அப்படி ஏற்றினாலும் தமிழில் தேடும் ஒருவருக்கு ஒரு பக்கம்கூட அகப்படாது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991-இல். கோவை செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதைத் தனியே வாதாடிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் தமிழ் எழுத்தை அச்சுக்குக் கொண்டுபோனதே இந்தத் திருச்சபைதான். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578-இல். தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தது 1715-இல். அதே நூற்றாண்டில் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வாசிப்பவர் பிரித்தறிய எழுத்தையே திருத்தியவராக நாம் போற்றுவது வீரமாமுனிவரை. இயேசு சபையாரின் நவதுறவியர் இல்லம் திண்டுக்கல்லில் அவர் பெயரில்தான் நிற்கிறது. வாசிப்பவருக்கு எழுத்து குழப்பமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்ட மரபில் வந்தவர்கள் நாம். நம் திருவிழா நேரத்தைத் தட்டச்சுச் செய்த தமிழில் நான்கு வரி எழுத மாட்டோமா? இன்றைக்கு எந்தக் கைப்பேசியிலும் அதற்கான தமிழ் விசைப்பலகை இருக்கிறது.

எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுத வேண்டும். 'புனித அந்தோணியார் ஆலயம்' என்று தலைப்புப் போட்ட பக்கம் தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்குப் பொருந்தும்! பக்கத்தின் தலைப்பில் ஊர், வட்டம், மாவட்டம் இருந்தால்தான் இயந்திரத்துக்கு அடையாளம் கிடைக்கும். வெள்ளோடு என்று தேடினால் ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து அதன் பெயர் இன்னும் பரவிவிட்டது. நம் அ.வெள்ளோடு பழைய கத்தோலிக்க ஊர் என்பது நமக்குத் தெரியும். 'திண்டுக்கல் மாவட்டம்' என்ற இரண்டு சொல் பக்கத்தில் இல்லாவிட்டால் கூகுளுக்கு எப்படித் தெரியும்? ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவர்களே அதிகம் என்பதால், பேருந்துப் பலகையில் எப்படி எழுதியிருக்கிறதோ அந்த ஆங்கில வடிவமும் முகவரியில் ஒருமுறை வர வேண்டும். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், எந்தப் பள்ளிக்குப் பக்கம் என்று வழி சொல்வதுபோல் ஒரு பத்தி எழுதினால் வருபவருக்கு உதவும். தேடுபவர் பயன்படுத்தும் சொற்களும் தாமாகவே அதற்குள் வந்துவிடும். 'திருப்பலி' என்று மட்டும் எழுதாமல், மக்கள் வாயில் இருக்கும் 'பூசை'யையும் எழுதுங்கள். தேடுபவர் அந்தச் சொல்லைத்தான் அடிக்கிறார்.

திண்டுக்கல் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் மக்கள் வேண்டுதலாகக் கொண்டுவந்து விடும் ஆடுகளும் கோழிகளும் விடிய விடியச் சமையலாகி, சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் அன்னதானமாகும் திருவிழா அது. ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் எழுதுகின்றன, காட்டுகின்றன. ஆனால் செய்தி, நடந்த பிறகு வருவது. இந்த ஆண்டு என்றைக்கு, காணிக்கையை எங்கே ஒப்படைப்பது, அன்னதானம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று ஜூலையிலேயே கேட்பவருக்குச் செய்திச் சேனல் பதில் சொல்லாது. இத்தகைய கேள்விகளுக்கு உலகத்திலேயே விடை தெரிந்த ஒரே இடம் அந்தந்தப் பங்கு. அது தானே எழுதினால், அதற்கு இணையான பக்கம் வேறு எங்கும் இருக்க முடியாது. ஓர் ஆலயத்துக்கு இருக்கும் மிகப் பெரிய பலம் இது. கடைகளுக்குக்கூட இந்தப் பலம் கிடையாது. பூட்டு விற்கும் கடை நூறு இருக்கும், பிரியாணிக் கடையும் அப்படித்தான். இந்தத் திருவிழாவை நடத்துவது ஒரே ஆலயம்.

அதனால் 'முதலிடம்' என்ற பேச்சே எனக்கு ஒவ்வாதது. 1866-க்கும் 1872-க்கும் இடையில் கட்டிய புனித வளனார் ஆலயம் திண்டுக்கல்லில் இருக்கிறது. 2003 நவம்பர் 10 அன்று திண்டுக்கல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டம் ஆனபோது அந்த ஆலயமே பேராலயமும் ஆனது. அமெரிக்க மதுரை மிஷன் 1835-இல் இங்கே கால் வைத்ததிலிருந்து வளர்ந்த சபைகள் சி.எஸ்.ஐ. மதுரை இராமநாதபுரம் பேராயத்தில் இருக்கின்றன. 'திண்டுக்கல் சர்ச்' என்று பொதுவாகத் தேடுபவருக்கு இவற்றில் எது முதலில் வந்தால் என்ன? ஒரு சபை இன்னொரு சபையைக் கீழே தள்ளிவிட்டு மேலே வர காணிக்கைப் பணத்தைச் செலவழிப்பது எந்த நற்செய்தியிலும் இல்லை. உங்களைத் தேடுபவருக்கு நீங்கள் அகப்பட வேண்டும். அதற்கு அடுத்த தெரு ஆலயத்தோடு போட்டி போட ஒன்றுமில்லை.

தொழில்நுட்பத்தைப் பற்றி அக்கறையே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அந்த அக்கறை எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சண்டை. ஒரு காலத்தில் ஃப்ளாஷில் ஆடிப் பாடும் வெப்சைட்டுகளைப் பெருமையாகச் செய்து கொடுத்தார்கள். 2020 டிசம்பரோடு அடோபி அதை நிறுத்தியது; அந்தப் பக்கங்கள் இன்றைய வழக்கமான உலாவிகளில் ஓடுவதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வெறும் எழுத்தாகப் போட்ட முதல் இணையப் பக்கத்தின் படி அதே முகவரியில் இன்றும் திறக்கிறது. இப்போது சில கம்பெனிகள், ஸ்கிரிப்ட் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் எழுத்து தெரியும்படி ஆலய வெப்சைட்டைக் கட்டுகின்றன. கூகுள் அதை ஓட்டிப் பார்த்துப் படிக்கிறது, ஆனால் அதற்கென்று ஒரு வரிசையில் நிறுத்தித்தான் படிக்கிறது. வேறு பல இயந்திரங்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. அஞ்சு பக்கம் உள்ள ஆலய வெப்சைட்டுக்கு இந்தக் கனம் எதற்கு? 2023-இல் கூகுள் பக்கங்களைக் கைப்பேசி வடிவத்தில் படித்தே மதிப்பிடும் முறைக்கு மாறி முடித்தது. சாணார்பட்டிப் பக்கத்தில் ஒரு கோடு சிக்னலில் நின்று திறந்தால் எத்தனை நொடியில் எழுத்து தெரிகிறது என்று பார்த்தாலே தொழில்நுட்பம் தேறுமா என்பது தெரிந்துவிடும்.

வேர்ட்பிரஸ் நல்ல கருவி. உலகத்து வெப்சைட்டுகளில் பெரும் பங்கு அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதில் 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேலை நடக்கும்போது அதில் டிக் போட்டுவிட்டு, முடிந்த பிறகு எடுக்க மறந்துபோன தளங்கள் ஆண்டுக் கணக்கில் கூகுளில் வராமலே கிடக்கும். அப்போது 'வேர்ட்பிரஸ் சரியில்லை, மாத்தணும்' என்று அடுத்த கொட்டேஷன் வரும். ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்திருக்கும். பிளக்இன்களைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறு ஆபத்து: திருடர்கள் உள்ளே புகுந்து ஜப்பானிய எழுத்தில் போலிக் கடைப் பக்கங்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கூகுள் இதற்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கும் அளவுக்கு இது பரவலானது. மாதம் ஒருமுறை கவனிக்க ஆளில்லாத பங்குக்கு, புதுப்பிக்க ஒன்றுமே இல்லாத எளிய எச்.டி.எம்.எல் பக்கம்தான் பாதுகாப்பு.

உண்மையில் ஆலய வெப்சைட்டுகள் சாவது ஆளில்லாமல்தான். பங்குத்தந்தை சில ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார், போதகரும் அப்படித்தான். ஆர்வமுள்ள சாமியார் ஒருவர் இருக்கும்போது வெப்சைட் திறப்பு விழா நடக்கிறது, ஆயர் வந்து பொத்தானை அழுத்துகிறார். செய்து கொடுத்த பையன் சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விடுகிறான். டொமைன் அவன் பெயரில், அவன் மின்னஞ்சலில். சாமியார் மாற்றலாகிப் போகிறார். புதிதாக வந்தவருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. முகப்பில் பழைய சாமியாரின் படமும், கடந்துபோன கிறிஸ்துமஸ் வாழ்த்தும், மாறிப்போன பூசை நேரமும் அப்படியே நிற்கின்றன. அதை நம்பி ஆறரை மணிப் பூசைக்கு வந்து, ஆறு மணிப் பூசை முடிந்து கதவு சாத்தியிருப்பதைப் பார்க்கும் வெளியூர்க் குடும்பம் அடுத்த முறை நம் வெப்சைட்டைத் திறக்காது. பராமரிக்காத வெப்சைட் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்றே நான் சொல்வேன்.

'ஃபேஸ்புக், யூடியூப் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?' என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. 2020 மார்ச் ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடியபோது யூடியூப்தான் பூசையை வீட்டுக்குக் கொண்டுவந்தது, நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் அது ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்களுக்கு. 'ஞாயிறு திருப்பலி நேரலை' என்று ஊர்ப்பெயர்கூட இல்லாமல் தலைப்பிட்ட வீடியோவிலிருந்து ஞானஸ்நானச் சான்றுக்கு அலுவலகம் என்றைக்குத் திறந்திருக்கும் என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது. பிறர் வீட்டுத் திண்ணையில் குடியிருப்பதிலும் ஆபத்து உண்டு. சிறு நிறுவனங்களுக்காகக் கூகுளே கொடுத்துவந்த இலவச வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. டொமைன் ஆலயத்தின் பெயரில், ஆலயத்தின் மின்னஞ்சலில் இருந்தால் உள்ளே எந்த மென்பொருளையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் முடியும் செலவு அது.

இன்னும் ஒன்று, இதில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். ஒவ்வொரு பங்கும் தனித்தனி வெப்சைட் வைக்க வேண்டியதில்லை. மறைமாவட்டமோ பேராயமோ ஒரே தளத்தில் பங்குக்கு ஒரு பக்கம், கிளைக் கிராமத்துக்கும் ஒரு பக்கம் என்று தனி முகவரியோடு கொடுக்கலாம். ஒரே இடத்தில் பாதுகாப்பு, ஒரே இடத்தில் புதுப்பிப்பு. அந்தந்தப் பக்கத்தைத் திருத்தும் உரிமை மட்டும் பங்கு அலுவலகத்திடமும் உபதேசியாரிடமும் இருக்கட்டும். ஊரில் பத்து வீடு இருக்கும் கிளையில் மாதத்தில் எந்த வாரம் பூசை என்பதை இந்த வழியில்தான் வெளியூர்க்காரர் அறிய முடியும். தனியாக வெப்சைட் வாங்க அந்தக் கிளைக்கு ஒருநாளும் வசதி வராது. பெயருக்குப் பெருமை சேர்க்கும் தனி வெப்சைட்டுக்காகப் பெரிய பங்குகள் செலவழிப்பதில் ஒரு பகுதி போதும், இந்தச் சின்ன ஊர்களெல்லாம் இணையத்தில் இடம் பெற.

கொட்டேஷன் கேட்டே ஆக வேண்டும் என்றால், 'எந்த டெக்னாலஜி' என்று கேட்காதீர்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகும் என்று கேளுங்கள். பக்கத்தில் உள்ள தமிழை விரலால் தொட்டு நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்ட முடிகிறதா என்று கொட்டேஷன் தருபவர் முன்னாலேயே செய்து பாருங்கள். முடியாவிட்டால் அது படம் அல்லது பழைய எழுத்துரு. கம்பெனியைக் கூப்பிடாமல் பூசை நேரத்தை நம் அலுவலகப் பெண் தன் கைப்பேசியிலிருந்தே மாற்ற முடியுமா என்று அந்தப் பெண்ணையே உட்காரவைத்து மாற்றச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், பேரவையில் ஒருவர் தம் கைப்பேசியில் நம் ஊர்ப்பெயரையும் 'பூசை நேரம்' என்பதையும் அடித்துப் பார்க்கட்டும். வரும் நேரம் தவறாக இருந்தால் அதை அந்தக் கூட்டத்திலேயே திருத்தலாம். பத்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.